டிவி தொகுப்பாளர்களுக்கு இந்தப் பேரும் காசும் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக் பாஸ் புது சீசன் வர்றப்போ, ஒரு ஆங்கர் வீடு கட்டி கிரகப்பிரவேசம் பண்றப்போ, யாராவது புது கார் பக்கத்துல நின்னு போட்டோ போடறப்போ, "நின்னு பேசறதுக்கு இவ்ளோ காசா"ன்னு ஒரு கூட்டமும் "முடிஞ்சா நீ போய் பேசிப் பாரு"ன்னு இன்னொரு கூட்டமும் கிளம்பிடுது. ரெண்டு பக்கமும் கேக்கற கேள்வி பெரும்பாலும் அதேதான். தூர்தர்ஷன் காலத்துலேருந்து தமிழ் டிவி பாத்துட்டு வர்ற ஆள் நான், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணா பதில் எழுதறேன். இங்க யார் சம்பளமும் வெளிய வராது, பிரிட்டன்ல பிபிசி மட்டும் வருஷா வருஷம் வெளியிடுது, அதனால கணக்குன்னு வர்ற இடத்துல அங்கேருந்து எடுத்துருக்கேன்.

நேரா சொல்லுங்க, தகுமா தகாதா?

பேரு, காசு, மரியாதை மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது. தினமும் ராத்திரி ஒருத்தர் முகம் நம்ம வீட்டு ஹால்ல வந்துகிட்டே இருந்தா அவருக்குப் பேர் வரத்தான் செய்யும், அதுக்குப் பெரிய தகுதி எதுவும் தேவையில்ல, அந்த இடத்துல யார் நின்னாலும் வரும். காசு தனியார் சேனல் தன் வருமானத்துலேருந்து குடுக்கறது, அதுல எனக்கு வயித்தெரிச்சல் கிடையாது. மரியாதை மட்டும்தான் நாம குடுக்கறது, அத ஆளப் பாத்துத்தான் குடுக்கணும், டிவில வர்றார்ங்கற ஒரே காரணத்துக்காகக் குடுக்கக் கூடாதுன்னு நான் நினைக்கறேன். எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. மேல இருக்கற சில பேருக்கே எல்லாம் போய்ச் சேருது, அதே வேலைய விடிகாலைல வந்து உக்காந்து செய்யற அத்தன பேருக்கும் சம்பளம் சொன்ன தேதிக்கு வர்றதே பெரிய விஷயமா இருக்கு.

அப்படி என்ன பெரிய வேலை? எழுதிக் குடுத்தத வாசிக்கறதுதானே?

ஒரு கேம் ஷோ ஷூட்டிங்குக்கு ஆடியன்ஸா போய் உக்காந்திருக்கேன், எந்த சேனல்ங்கறது வேண்டாம். வீட்ல ஒரு மணி நேரம் ஓடற எபிசோட எடுத்து முடிக்க மதியத்துலேருந்து ராத்திரி ஆயிடுச்சு, ஏசி குளிருல கை தட்டித் தட்டி எங்களுக்கே ஓஞ்சு போச்சு. நடுவுல ஒரு லைட் போயிடுச்சு, ஏணி கொண்டு வந்து மாட்டறாங்க, இறக்கறாங்க, சரியாகவே இல்ல. அந்த நேரம் பூரா கேமரா ஓடல, அந்த ஆங்கர் கேரவனுக்குப் போய் படுத்திருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்க. ஆனா போகல. முன் வரிசைல இருந்த ஒரு பாட்டிகிட்ட எந்த ஊர், பேரன் என்ன படிக்கறான்னு கேட்டு, பின்னாடி கொட்டாவி விட்டுட்டு இருந்த காலேஜ் பசங்கள எழுப்பிப் பாட விட்டு, அடுத்து விளையாட வேண்டிய பையனுக்குக் கை நடுங்கறத எங்கேருந்தோ கவனிச்சு, அவன்கிட்ட போய் காதுல என்னமோ சொல்லிச் சிரிக்க வச்சுட்டு வந்தார். லைட் சரியானதும் எந்த வரில விட்டாரோ அதே வரி, அதே குரல், கை எங்க இருந்துச்சோ அதே இடம். கட் ஆன மாதிரியே தெரியாது. அன்னைக்கு நாங்க எல்லாரும் கடைசி வரைக்கும் உற்சாகமா கத்தினது ஸ்கிரீன்ல வந்துச்சு, ஆனா அந்த உற்சாகத்த ஊதி ஊதி அணையாம வச்சிருந்தது அந்த ஒரு ஆள்னு டிவில பாத்த யாருக்கும் தெரிய வாய்ப்பே இல்ல.

இன்னொண்ணு காதுல இருக்கற இயர்பீஸ். கண்ட்ரோல் ரூம்லேருந்து டைரக்டர் அதுல பேசிகிட்டே இருப்பார், இன்னும் முப்பது செகண்ட்தான், அந்த கேமராவப் பாரு, பேச்ச முடி, பிரேக் போன்னு. எதிர்ல ஒரு அம்மா தன் கதையச் சொல்லி அழுதுகிட்டு இருப்பாங்க. காதுல விழறதையும் கேட்டுகிட்டு, அந்த அம்மா முகத்துலேருந்து கண்ணையும் எடுக்காம, அவங்க மனசு நோகாம பேச்ச ஒரு இடத்துல நிறுத்தி, சரியா அந்த செகண்ட்ல "சின்ன இடைவேளைக்கு அப்புறம் பாக்கலாம்"னு சொல்லணும். வீட்ல செஞ்சு பாருங்க, நியூஸ ஓட விட்டுட்டு போன்ல ஒருத்தர்கிட்ட அக்கறையா பேசுங்க, பேசி முடிச்சதும் நியூஸ்ல என்ன சொன்னாங்கன்னு உங்களால சொல்ல முடியுதான்னு பாருங்க.

அதே சமயம் எல்லா ஷோவும் இப்படி இல்லங்கறதையும் ஒத்துக்கணும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல வந்து "செம்ம, சூப்பர், லவ்லி"ன்னு சொல்லிட்டுப் போறதும் ஆங்கரிங்தான்னு கணக்குல சேத்துடறாங்க, அதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

லைவ்ல தப்பு நடந்தா யார் தலைல விழும்?

ஆங்கர் தலைலதான். 2015 டிசம்பர்ல மிஸ் யுனிவர்ஸ் மேடைல ஸ்டீவ் ஹார்வி கொலம்பியா ஜெயிச்சதா அறிவிச்சு, கிரீடமும் வச்சாச்சு, ஆனா உண்மைல ஜெயிச்சது பிலிப்பைன்ஸ். அந்த மனுஷன் திரும்ப மேடைக்கு வந்து, கைல இருந்த கார்ட காட்டி, தப்பு என்னோடதுதான்னு உலகமே பாக்கச் சொன்னார். அந்த கார்ட் அச்சடிச்ச விதமே படிக்கறவங்களக் குழப்பற மாதிரி இருந்துச்சுன்னு அப்புறம் நிறைய பேர் எழுதினாங்க, ஆனா இன்னைக்கு வரைக்கும் கார்ட் அச்சடிச்சவர் யாருன்னு நமக்குத் தெரியுமா?

சத்தீஸ்கர்ல நடந்தது வேற மாதிரி. 2017 ஏப்ரல்ல ஒரு நியூஸ் சேனல்ல ஒரு பெண் காலைச் செய்தி வாசிச்சுகிட்டிருக்காங்க, ஒரு கார் விபத்து பிரேக்கிங் நியூஸா வருது, போன்ல ரிப்போர்ட்டர் எந்த இடம், என்ன வண்டின்னு சொல்லிட்டே போறார். கேக்கக் கேக்க இறந்ததுல ஒருத்தர் தன் புருஷனா இருக்கும்னு அவங்களுக்குப் புரிஞ்சிடுது. புல்லட்டின முழுசா வாசிச்சு முடிச்சுட்டு வெளிய வந்துதான் உடைஞ்சு அழுதாங்க. நாடே அவங்க தைரியத்தப் பாராட்டுச்சு, எனக்கு அந்தப் பாராட்டுல சேர மனசு வரல, ஒரு மனுஷிய அந்த நேரத்துல எழுந்து போக விடாத நாற்காலி என்ன நாற்காலின்னுதான் தோணுச்சு. எழுதிக் குடுத்தத வாசிக்கற வேலைதானேன்னு யாராவது சொன்னா எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

நெட்ல "எபிசோடுக்கு இத்தன லட்சம்"னு லிஸ்ட் வருதே, அது உண்மையா?

நம்பாதீங்க. அந்த லிஸ்டுல எதுலயும் ஒப்பந்தமோ சேனல் தரப்பு வார்த்தையோ இருக்காது, ஒரு சைட்டுல போட்டத இன்னொரு சைட் எடுத்துப் போடும், நாலு இடத்துல வந்தவுடனே அதுவே உண்மையாயிடும்.

பொதுவா எப்படி நடக்குதுன்னு சொல்லலாம். ரியாலிட்டி ஷோ, கேம் ஷோன்னா எபிசோடு கணக்கு இல்ல நாள் கணக்கு, ஒரே நாள்ல ரெண்டு எபிசோடு எடுக்கறதும் சகஜம். நியூஸ்ல இருக்கறவங்களுக்கு மாசச் சம்பளம். பெரிய ஆங்கர்களுக்கு நல்ல வரும்படி சேனலுக்கு வெளியதான், ஆடியோ லாஞ்ச், காலேஜ் கல்ச்சுரல்ஸ், நகைக்கடை திறப்பு விழா, சிங்கப்பூர் மலேசியா துபாய்ல நடக்கற ஸ்டார் நைட். டிவில வர்ற முகத்துக்குத்தான் அங்க விலை, அதனால சில பேர் சேனல்ல கம்மியா வாங்கிகிட்டுகூட அந்த ஸ்லாட்ட விடாம பிடிச்சுக்கறாங்க.

அந்தக் காச உண்மைல குடுக்கறது யாரு?

நீங்கதான், சோப்பு வாங்கறப்போ, டீத்தூள் வாங்கறப்போ. சேனலுக்கு ஒரு மணி நேரத்துல 12 நிமிஷம் வரைக்கும் விளம்பரம் போடலாம்னு விதி இருக்கு, அதுல 10 நிமிஷம் வெளி விளம்பரம், 2 நிமிஷம் சேனல் தன்னப் பத்தியே சொல்லிக்கறது. அந்த 10 நிமிஷத்த என்ன ரேட்டுக்கு விக்கலாம்ங்கறது டிஆர்பிய, அதாவது எத்தன பேர் பாக்கறாங்கங்கற கணக்கப் பொறுத்தது. அந்த டிஆர்பிய எடுக்கறது பார்க்ங்கற அமைப்பு, நாடு முழுக்க அரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல வீடுகள்ல மீட்டர் வச்சு அதுலேருந்து கணக்குப் போடறாங்க. ஆக ஒரு ஆங்கரோட மார்க்கெட், அந்த வீடுகள்ல யாராவது ரிமோட்ட எடுத்து மாத்தறாங்களா இல்லையாங்கறதுல தொங்கிட்டு இருக்கு. ஒருத்தர் வந்தா மக்கள் பிரேக்லயும் மாத்தாம இருக்காங்கன்னா சேனல் கேக்கற காசக் குடுக்கும், அதுல அவர் தமிழ் நல்லா பேசறாரா, மனுஷங்கள மதிக்கறாராங்கறதுக்கெல்லாம் மார்க் கிடையாது.

ஸ்பான்ஸர் எவ்ளோ தூரம் உள்ள வந்து உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா சன் டிவில "பெப்ஸி உங்கள் சாய்ஸ்" பண்ணின உமாவ நினைச்சுப் பாருங்க. போன் பண்ணி லைன் கிடைச்சாலே ஜென்ம சாபல்யம்னு தொண்ணூறுகள்ல எத்தன வீட்ல டயல் பண்ணிட்டு இருந்தோம்! அவங்களுக்கு ஊரே வச்ச பேரு "பெப்ஸி உமா". ஒரு கூல்டிரிங்க்ஸ் கம்பெனி பேரு ஒரு மனுஷிக்கு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கிச்சு.

பிபிசில சம்பளம் வெளிய வந்தப்போ என்ன ஆச்சு?

பிபிசி மக்கள்கிட்ட லைசென்ஸ் கட்டணம் வாங்கி நடக்கற நிறுவனம், 2025 ஏப்ரல்ல அது ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 174.50 பவுண்டா இருந்துச்சு. மக்கள் காசுங்கறதால 2017 ஜூலைல, ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல வாங்கறவங்க பேர முதல் தடவையா வெளியிட வேண்டி வந்துச்சு. மேல கிறிஸ் எவான்ஸ், 22 லட்சம் பவுண்டுக்கு மேல. அடுத்து கேரி லினேக்கர், 17.5 லட்சத்துக்கு மேல. முதல் ஏழு பேரும் ஆம்பளைங்க. பொம்பளைங்கள்ல அதிகம் வாங்கின கிளாடியா விங்கிள்மனுக்கு நாலரை லட்சத்துக்கும் அஞ்சு லட்சத்துக்கும் நடுவுல. அது வரைக்கும் "அவர் திறமைக்கு அவ்ளோ, இவங்க திறமைக்கு இவ்ளோ"ன்னு சொல்லிகிட்டிருந்தது எல்லாம் அந்த ஒரே நாள்ல கேள்விக்குறி ஆயிடுச்சு. சீனாவுக்கான எடிட்டரா இருந்த கேரி கிரேசி 2018 ஜனவரில அந்தப் பொறுப்ப விட்டு விலகினாங்க, அதே நிலைல இருக்கற ஆம்பளைங்களுக்கு சமமா எனக்குச் சம்பளம் இல்லன்னு வெளிப்படையாச் சொல்லிட்டு. பிபிசி அப்புறம் மன்னிப்பு கேட்டு பாக்கிச் சம்பளத்தையும் குடுத்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சம சம்பளம் கேட்டு சமீரா அகமது போட்ட வழக்கு. அவங்க நியூஸ்வாட்ச்னு ஒரு நிகழ்ச்சி பண்ணிட்டு இருந்தாங்க, நேயர்கள் பிபிசி செய்திகளப் பத்திச் சொல்ற குறைகள எடுத்துப் பேசற கால் மணி நேர நிகழ்ச்சி, ஒரு எபிசோடுக்கு 440 பவுண்ட். ஜெரமி வைன் பாயின்ட்ஸ் ஆஃப் வியூன்னு கிட்டத்தட்ட அதே மாதிரி நேயர் கருத்து நிகழ்ச்சி பண்ணினார், அவருக்கு 3,000 பவுண்ட். தீர்ப்பாயத்துல பிபிசி சொன்ன வாதம் என்னன்னா, அவர் நிகழ்ச்சி கலகலப்பானது, அதுக்குக் கண்ல ஒரு குறும்பு வேணும்னு. நடுவர்கள் அந்த நிகழ்ச்சிய எடுத்துப் பாத்தாங்க, அந்தக் குறும்பெல்லாம் ஸ்கிரிப்ட்லயே எழுதிருக்கு, கண்ண உருட்டணும்னு எழுதிருந்தா அவர் உருட்டறார், அதுக்குத் தனித் திறமையோ அனுபவமோ தேவைப்படலன்னு சொல்லி 2020 ஜனவரில சமீரா பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. ஒரு ஆங்கர் செய்யற வேலைய பிரிச்சுப் போட்டு, இதுல எவ்ளோ அவரோடது, எவ்ளோ எழுத்தாளரோடதுன்னு கோர்ட் மாதிரி ஒரு இடத்துல உக்காந்து பாத்தது எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். நம்ம ஊர் ஷோக்களுக்கும் யாராவது இதே மாதிரி பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா நாம ஆங்கரோடதுன்னு நினைச்சுச் சிரிக்கற பாதி ஜோக்க எழுதின பசங்க பேரு எண்ட் கார்டுல கண்ணுக்குத் தெரியாத வேகத்துல ஓடிப் போயிடுது.

ஆங்கரே இல்லாம ஷோ ஓடுமா?

சில ஷோ ஓடும், சிலது படுத்துடும். 2023 மார்ச்ல லினேக்கர் அரசாங்கத்தோட அகதிகள் கொள்கைய கண்டிச்சு ட்வீட் போட்டதுக்காக பிபிசி அவர மேட்ச் ஆஃப் தி டே கால்பந்து நிகழ்ச்சிலேருந்து ஒதுக்கி வச்சாங்க, கூட இருந்தவங்களும் அவர் இல்லன்னா நாங்களும் வரலன்னுட்டாங்க. அந்த சனிக்கிழமை தொகுப்பாளரும் இல்ல, வர்ணனையும் இல்ல, மேட்ச் துண்டுகள மட்டும் 20 நிமிஷம் ஒட்டிப் போட்டாங்க. பாத்தவங்க எண்ணிக்கை முந்தின வாரத்தவிட சில லட்சம் கூடுச்சு! என்னதான் பண்றாங்கன்னு பாக்க வந்த கூட்டமும் அதுல இருக்கும், அதனால ஒரு வாரத்த வச்சு லினேக்கர் தேவையே இல்லன்னு முடிவு கட்ட மாட்டேன். ஆனா மக்கள் முதல்ல தேடறது கோலத்தான்ங்கறது தெரிஞ்சு போச்சு.

இன்னொரு பக்கம் கௌன் பனேகா குரோர்பதிங்கற ஹிந்தி வினாடி வினா ஷோ. 2000 ஜூலை 3ல அமிதாப் பச்சனோட ஆரம்பிச்சது, 2007ல ஷாருக்கான உக்கார வச்சாங்க, அவ்ளோ பெரிய ஸ்டார், அதே கேள்வி, அதே மியூசிக், ஒரே சீசனோட முடிஞ்சுது. 2010ல திரும்ப பச்சன்கிட்டயே போய் நின்னாங்க. பச்சன் எதிர்ல உக்காந்திருக்கறவர ஒரு விருந்தாளி மாதிரி நடத்துவார், ஒரு கிராமத்து டீச்சர் பதில் தெரியாம திணறினா அவர் முகத்துல அவங்களவிடப் பதற்றம் தெரியும், அத எந்த ஸ்கிரிப்ட்லயும் எழுத முடியாது. தமிழ்லயும் அதே விளையாட்டு 2012ல சூர்யாவோட "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி"ன்னு விஜய் டிவில வந்துச்சு, அப்புறம் பிரகாஷ்ராஜ், அப்புறம் அரவிந்த்சாமி. மூணையும் பாத்தவங்களுக்குத் தெரியும், நாற்காலி ஒண்ணுதான், ஆனா மூணும் வேற வேற ஷோ.

ஒரு நர்ஸுக்கு, டீச்சருக்குக் கிடைக்காத காசு இவங்களுக்கு எதுக்கு?

நியாயமான கோவம். 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல ஆயிரக்கணக்கான நர்ஸுங்க உக்காந்து போராடினாங்களே, அவங்களுக்கு அப்போ தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். உயிரக் காப்பாத்தற வேலைக்கு இது, ரிப்பன் வெட்டறதுக்கு லட்சக்கணக்குலன்னா யாருக்குத்தான் எரியாது. ஆனா ஆங்கர் சம்பளத்த நாளைக்கே பாதியாக் குறைச்சாலும் அந்தக் காசு நர்ஸ் அக்கவுண்ட்டுக்குப் போகாது, சேனல் முதலாளி லாபத்துலதான் சேரும். ஒரு நர்ஸ் ஒரு ராத்திரில ஒரு வார்டப் பாக்க முடியும், ஆங்கர் அதே ராத்திரி லட்சக்கணக்கான வீட்ல இருக்கார், விளம்பரக்காரன் அந்த வீடுகள எண்ணித்தான் காசு குடுக்கறான். ஏன் இப்படி இருக்குங்கறதுக்கு இது பதில், இது சரிங்கறதுக்குப் பதில் இல்ல. நர்ஸ் சம்பளத்துக்கு அரசாங்கத்தத்தான் உலுக்கணும், ஆங்கரத் திட்டிட்டு மனசு ஆறிட்டோம்னா அந்தக் கேள்வி கேக்காமலே போயிடும்.

சினிமா ஸ்டார கொண்டு வந்து ஹோஸ்டா உக்கார வைக்கறது சரியா?

சேனல் கணக்குக்குச் சரி. 2017ல பிக் பாஸ் தமிழ் வந்தப்போ கமல் இல்லன்னா அந்த வடிவமே நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்காது, ஏழு சீசன் அவர்தான், 2024ல எட்டாவது சீசன்லேருந்து விஜய் சேதுபதி. கமல் வார இறுதில வந்து நின்னு பேசறப்போ அது வெறும் தொகுப்பு இல்ல, பஞ்சாயத்து, தீர்ப்பு, நடுவுல அரசியலும் பேசினார், அடுத்த வருஷம் பிப்ரவரில மதுரைல கட்சி ஆரம்பிச்சார். டிவி மேடை குடுக்கற அந்தஸ்து எவ்ளோ தூரம் போகும்னு காட்ட இதுக்கு மேல உதாரணம் வேண்டாம்.

ஆனா டிவிலயே கிடந்து வளர்ந்தவங்க நிலைமைய நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. வாரம் முழுக்க மத்த ஷோவ தோள்ல தூக்கறவங்க அவங்கதான், பெரிய பட்ஜெட் ஷோ வந்தா மட்டும் சினிமாலேருந்து ஆள் வரும். சிவகார்த்திகேயன் "கலக்கப் போவது யாரு" போட்டியாளரா வந்து, ஆங்கரா நின்னு, "அது இது எது" பண்ணி, 2012ல "மெரினா"ல ஹீரோ ஆனார். எல்லாரும் அத வெற்றிக் கதையாச் சொல்றாங்க, வெற்றிதான், சந்தேகமே இல்ல, ஆனா டிவில இருக்கறது ஏதோ வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற மாதிரி ஆயிடுச்சு. கோபிநாத் 2006லேருந்து "நீயா நானா" நடத்தறார், எதிர் எதிர் வரிசைல அத்தன பேர உக்கார வச்சு, வாயே திறக்காத ஒரு ஆள்கிட்டேருந்து ஒரு வார்த்தைய வாங்கற வித்தை அவருக்குத் தெரியும். அந்த ஒரு வேலையவே அவ்ளோ வருஷம் செஞ்சதாலதான் அந்தப் பக்குவம் வந்துச்சு, அதுக்குண்டான மரியாதை சினிமாக்காரங்களுக்குக் குடுக்கறதுக்கு ஒரு படி கீழ இருக்கறது எனக்குப் புரியவே இல்ல.

அந்தக் காலத்துல இவ்ளோ அலட்டல் இல்லையே?

காசும் இல்ல. சென்னை தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல வந்துச்சு. செய்தி வாசிச்ச ஷோபனா ரவி, வரதராஜன், நிஜந்தன், பாத்திமா பாபு எல்லாரும் நம்ம வீட்டு மனுஷங்க மாதிரி ஆயிட்டாங்க, ஷோபனா ரவி கட்டின புடவைய அடுத்த நாள் தெருவே பேசும். ஒரே சேனல்தான்ங்கறதும் ஒரு காரணம், மறுக்கல. ஆனா அவங்க மேல இருந்த மரியாதைக்கு நிஜமான காரணம் உச்சரிப்பு, ஒரு பேரக்கூட தப்பா சொல்லிடக் கூடாதுங்கற கவனம்.

இந்த வரிசைல நான் முதல்ல வைக்கறது இலங்கைலேருந்து வந்த பி.எச். அப்துல் ஹமீத். இலங்கை வானொலில "பாட்டுக்குப் பாட்டு" நடத்தி, அத அப்புறம் சன் டிவிக்கும் கொண்டு வந்தார். போட்டில பாட வந்தவங்க வரிய மறந்து நின்னா அவர் கேலி பண்ண மாட்டார், அந்தப் பாட்ட யார் எழுதினது, யார் இசை, எந்தப் படம்னு மெதுவாச் சொல்லி அந்தச் சங்கடத்த மூடிடுவார். ஒருத்தர மட்டம் தட்டாம எல்லாரையும் சிரிக்க வைக்க முடியும்னு அவர் காட்டினார். இப்போ மட்டம் தட்டினாத்தான் கன்டென்ட்டுன்னு ஆயிடுச்சு, குண்டா இருக்கறவங்க, கருப்பா இருக்கறவங்க, இங்கிலீஷ் தெரியாதவங்க எல்லாரும் ஆங்கருக்கு ஊறுகா. அதுக்கு என்ன சம்பளம் குடுத்தாலும் நான் அத தகுதின்னு சொல்ல மாட்டேன்.

பெண் தொகுப்பாளர்கள் நிலைமை என்ன?

திறமை அதே, கணக்கு வேற. ஆம்பளைக்கு நரை வந்தா அனுபவம்பாங்க, பொம்பளைக்கு வந்தா மாத்திடுவாங்க. திவ்யதர்ஷினி, பிரியங்கா மாதிரி பல வருஷம் தாக்குப் பிடிச்சு நின்னவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு மேடைல ரெண்டு பேர் நின்னா ஜோக் அடிக்கறது ஆம்பளைக்கு, சிரிக்கறது பொம்பளைக்குன்னு எழுதி வைக்காத ஒரு பங்கு பிரிப்பு இருக்கும், அத உடைச்சதுக்காகவே எனக்கு பிரியங்காவப் பிடிக்கும், அவங்க தானே விழுந்து விழுந்து சிரிச்சு, தானே அடிச்சு ஆடுவாங்க. இதுக்கு மேல கமெண்ட்ல உடம்பப் பத்தி, டைவர்ஸ் பத்தி எழுதறத தினமும் படிச்சுட்டு அடுத்த நாள் சிரிச்ச முகமா வந்து நிக்கணும். ஆம்பள ஆங்கருக்கு இந்த வேலையே கிடையாது.

நியூஸ் ஆங்கர்களுக்கு இவ்ளோ அதிகாரம் எங்கேருந்து வந்துச்சு?

விவாத நிகழ்ச்சிலேருந்து. செய்தி வாசிக்கறவர் யார் பக்கமும் சாய முடியாது, விவாதம் நடத்தறவர் யாருக்கு மைக்க எப்போ மூடணும்னு முடிவு பண்றார். 2022 செப்டம்பர்ல வெறுப்புப் பேச்சு வழக்குல சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே ஆங்கரோட பொறுப்பு பெருசுன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல இந்தியா கூட்டணிக் கட்சிங்க 14 ஆங்கர்கள் பேரப் போட்டு, இவங்க நிகழ்ச்சிக்கு எங்க ஆள அனுப்ப மாட்டோம்னு அறிவிச்சாங்க. அந்தப் புறக்கணிப்பு சரியா தப்பாங்கறது தனி விவாதம், எனக்கு அதுல உடன்பாடும் இல்ல, ஆனா கட்சிங்க உக்காந்து லிஸ்ட் போடற அளவுக்கு ஒரு தொகுப்பாளருக்கு எடை வந்துடுச்சுன்னா அந்த எடைக்குத் தகுந்த உழைப்பு வேணும். பட்ஜெட் விவாதம்னா பட்ஜெட்ட படிச்சுட்டு வரணும். கத்தறது உழைப்பு இல்ல.

கீழ் மட்டத்துல இருக்கறவங்களப் பத்தி சொன்னீங்களே?

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு நியூஸ் வாசிக்கறாங்க, சேனல் பேர் வேண்டாம். காலை ஷிஃப்ட்னா இருட்டுலயே கிளம்பணும். புடவை ஒரு கடைலேருந்து வரும், கடை பேர் ஸ்கிரீன்ல ஓடும், புல்லட்டின் முடிஞ்சதும் மஞ்சக் கறை, மேக்கப் கறை இல்லாம மடிச்சுத் திருப்பிக் குடுக்கணும், கறை பட்டா இவங்கதான் பதில் சொல்லணும். வாசிக்கறது மட்டும் இல்ல, டிக்கர் (ஸ்கிரீன் கீழ ஓடற செய்தி வரி) அடிக்கறது, வாய்ஸ் ஓவர் குடுக்கறது, ஆள் வரலன்னா அடுத்த புல்லட்டினும் சேத்து. கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் செல்ஃபி எடுக்க வருவாங்க, வீட்டு வாடகை குடுக்க தம்பிகிட்ட கை நீட்ட வேண்டியிருக்குன்னு எங்கிட்ட சொல்லிருக்காங்க. டிவில வர்றவங்கன்னா பணக்காரங்கன்னு ஊர் நினைக்கறதால கடன் கேக்கக்கூட முடியலையாம். புகழ் மட்டும் வந்து காசு வராம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ஆங்கர் சம்பளம்னாலே நம்ம கண் மேலயே போகுது, இவங்கள மாதிரி ஆளுங்கதான் இந்தத் தொழில்ல மிச்ச எல்லாரும்.

ஆங்கர் நடிக்கற விளம்பரத்த நம்பலாமா?

நம்பறதுக்கு முன்னாடி சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய்யான, திசை திருப்பற விளம்பரத்துல வர்ற பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும், விளம்பரத்துல நடிக்கத் தடையும் போடலாம். சீட்டுக் கம்பெனி, சர்க்கரை குணமாகும் பொடி, ரியல் எஸ்டேட் பிளாட், இதெல்லாம் டிவி முகத்த நம்பித்தான் வீட்டுக்குள்ள வருது. நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்காங்கங்கற நம்பிக்கைதான் இவங்க முதல், அத இப்படி வித்தா மரியாதை குடுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்ல.

ஏஐ ஆங்கர் வந்துடுச்சே, இனி இந்தக் கேள்வியே தேவைப்படாதா?

2023ல ஒடிசால ஒரு சேனல் லிசான்னு ஒண்ண கொண்டு வந்தாங்க, 2024 மே மாசம் தூர்தர்ஷனோட விவசாயச் சேனல் டிடி கிசான் ரெண்டு ஏஐ ஆங்கர கொண்டு வந்துச்சு. வானிலை, மண்டி விலை வாசிக்கறதுக்கு அது போதும். அதனால முதல்ல வேலை போகப் போறது மேல சொன்ன காலை ஷிஃப்ட் பொண்ணு மாதிரி ஆளுங்களுக்குத்தான், பெரிய ஆங்கர்களுக்கு இல்ல, எனக்கு பயமே அதுதான். லைட் போனப்போ அந்தப் பையன் கை நடுங்கறத கவனிக்கற வேலைக்கு மெஷின் வர இன்னும் நாள் ஆகும்.

என் பொண்ணு ஆங்கர் ஆகணும்ங்கறா, விடலாமா?

தாராளமா விடுங்க. தினமும் பேப்பர சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, ல ள ழ சரியா வரட்டும், நாலு பேர் பேசறத குறுக்கிடாம கேக்கற பழக்கம் வரட்டும், அது பேசறதவிட முக்கியம். ஒரு டிகிரியும் கையில இருக்கட்டும். வாய்ப்பு வாங்கித் தர்றேன்னு காசு கேக்கறவங்க பக்கமே போக வேண்டாம், ஆடிஷனுக்கு யாரும் காசு குடுக்க வேண்டியதில்ல. வாய்ப்பு வந்தா பேமெண்ட் எவ்ளோ, எந்தத் தேதிக்கு, ஷூட் எத்தன மணிக்கு முடியும், ராத்திரி வீட்டுக்கு வண்டி உண்டான்னு எழுத்துல வாங்குங்க. வேற சேனல்லயும் யூடியூப்லயும் இத்தன வருஷம் வரக்கூடாதுன்னு ஒரு ஷரத்து ஒப்பந்தத்துல பெரும்பாலும் கடைசிப் பக்கத்துல இருக்கும், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முதல்ல அதத் தேடிப் படிங்க.